மஞ்சுளா வர வேண்டாம்

"நீ வர வேண்டாம் மஞ்சுளா. தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கேன். கஞ்சா எண்ணெய் குடிக்கிறவ வீட்டுல இருந்தா என் விரதம் என்னத்துக்கு ஆகும்?"

ரங்கூன் வீட்டிலிருந்து போனில் அய்யாசாமி சொன்னது, விரதக்காரருக்கு வாழைப்பழம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ரத்தினம்மாளின் காதில் விழுந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஸ்பீக்கரில் மஞ்சுளாவின் குரல் கேட்டது.

"வருஷா வருஷம் நீங்க தீ மிதிச்சு வந்ததும் காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறது நான்தானே? இந்த வருஷம் யாரு ஊத்துவா?"

"யாராவது ஊத்துவாங்க. கஞ்சாக்காரி புருஷன்னு தெருவுல பேசுறாங்க. தலைகாட்ட முடியல."



"சரி. இனிமே நீங்களே கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

போன் அணைந்தது.

ரத்தினம்மாளுக்கு வந்ததே கோபம். மஞ்சுளா என்ன, போதைக்கா குடிக்கிறாள்? புற்றுநோய் வைத்தியத்துக்காக பாங்காக்கில் மகள் பவானி வீட்டுக்குப் போனவள். கட்டி போயும் நரம்பு வலி போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த எண்ணெயை நாக்குக்கு அடியில் விட்டால்தான் ஒரு வாய் சோறு இறங்குகிறது, கண் அசருகிறது.

"ஏன் தம்பி, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அவ உடம்பு தேறணும்னு வேண்டிக்கிட்டுத்தானே காப்பே கட்டினே? இப்ப அவளையே வராதேங்கிற. இந்தத் தெருவுல யாரு அவளைத் தப்பாப் பேசினா? பேரைச் சொல்லு, நான் கேக்குறேன்."

"யாரும் பேசலக்கா."

"பின்னே?"

அய்யாசாமி போனைக் கீழே வைத்தார்.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில்ல அதை ஊத்திக் கொண்டுவரப் போறாளாம். டிக்கெட்டெல்லாம் விசாரிச்சுட்டா. ரங்கூன்ல அது பிடிபட்டா, பாங்காக் டாக்டர் சீட்டைக் காட்டினாலும் ஜெயில்தான்."

"கொண்டுவராம வான்னு சொல்ல வேண்டியதுதானே."

"இங்க இருந்தப்ப அது இல்லாம அவ துடிச்சதை நான் பாத்திருக்கேன்க்கா. இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"அப்ப நீ அங்க போயிட்டு வா."

"பாஸ்போர்ட்டுக்கு அலையாத நாள் இல்ல. கிடைக்க மாட்டேங்குது."

ரத்தினம்மாளின் குரல் இறங்கிப்போனது. வாழைப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இதை நல்லபடியா எடுத்துச் சொல்லக் கூடாதா தம்பி? இப்படியா அழ வைக்கிறது?"

"கெஞ்சிப் பாத்துட்டேன்க்கா. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்ல, ஒரு தடவை உங்க முகத்தைப் பாக்கணும்ங்கிறா. எனக்கு மட்டும் பாக்கணும்னு இல்லையா? வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே அவளைத்தான் தேடுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்மேல ஆசை இருக்கிற வரைக்கும் அவ கிளம்பி வரத்தான் பாப்பாக்கா. கோபம் இருந்தாத்தான் அங்கேயே இருப்பா."