நாற்பதாவது தாள்

என் முனைவர் பட்ட ஆய்வுக்கு நாற்பது மாணவர்கள் வேண்டும். முப்பத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். "எண்ணிக்கை குறைஞ்சா என் முகத்துலயே முழிக்காதே" என்று நெறியாளர் எரிந்து விழுந்தார். நாற்பதாவது கேள்வித்தாளை நானே இடது கையால் நிரப்பிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, இரண்டாம் சுற்றுக்காக அதே வகுப்பில் முப்பத்தொன்பது தாள்களைக் கொடுத்தேன். திரும்பி வந்தவை நாற்பது. கடைசித் தாளில் அதே இடது கைக் கோணல் எழுத்து. 'வேறு கருத்து' என்ற கட்டத்தில் இருந்தது: "போன தடவை எனக்காக நீ எழுதினே. இந்தத் தடவை உனக்காக நான் எழுதிட்டேன்."

கைப்பேசி அடித்தது. நெறியாளர்.

"ஆய்வே வேண்டாம்னு எழுதி என் மேசையில வெச்சுட்டுப் போயிருக்கே. அவ்வளவு திமிரா? எழுத்துதான் கோணல்மாணலா இருக்கு, கீழே கையெழுத்து உன்னோடதுதான். மேலிடத்துக்கு அனுப்பியாச்சு."