வேர்க்காத இரண்டு இடம்

முதுகெல்லாம் வேர்த்து வழியும்போது இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தால், நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்?

செவ்வந்திக் குதிரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேணத்தைப் போட்டு முதலாளி ஏறினாலே தோளுக்குப் பின்னால் சுரீரென்று வலிக்கும், துள்ளிவிடும். இன்றைக்கும் துள்ளிவிட்டது. "சாயங்காலமும் துள்ளினாயோ, சந்தைக்குத்தான்!" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போயிருந்தார்.

"எங்கேதான்டி வலிக்குது உனக்கு?" என்றது கட்டையில் கிடந்த சேணம்.

"காஞ்சு கிடக்குதே, அந்த ரெண்டு இடத்துலதான் அண்ணே."

"அடி கிறுக்கி! நான் பட்ட இடமெல்லாம் வேர்த்திருக்கு. அங்கே நான் படவே இல்லை. படாத இடம் எப்படி வலிக்கும்?"

செவ்வந்திக்குத் தலை சுற்றியது. அண்ணன் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது, வலியும் பொய்யில்லை. ஒருவேளை தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ?

குதிரை முதுகில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த கரிச்சான் குருவி பறந்துபோய்ச் சேணத்தின் அடிப்பக்கத்தைக் கொத்திப் பார்த்தது.

"மாமா, இங்கே ரெண்டு பக்கமும் உன் பஞ்சு கட்டிபட்டுக் கல்லு மாதிரி இருக்கு. வேர்வைகூட வர முடியாதபடி அமுக்கியிருக்கே!"

"நானா? உன் முதுகு அங்கே காஞ்சிருக்கவும், நான் படலேன்னு நினைச்சு முதலாளி நேத்து அங்கேதானே இன்னும் ரெண்டு பிடி பஞ்சு திணிச்சாரு? நானும் மெத்துனு இருக்கட்டும்னு சும்மா இருந்துட்டேனே!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சேணம் பதறியது.

"குருவி, சீக்கிரம் வாம்மா. அந்தத் தையலைப் பிரிச்சு உள்ளே இருக்கறதை உருவிப் போட்டுடு."