பிந்தி வரும் படம்

“அந்தப் பச்சைச் சட்டைப் பெட்டை இப்ப காலி வீதியில பஸ்சே ஏறியிருப்பாள் ஐயா. உங்கட படத்தில இன்னும் கேற்றைத் தாண்டேல்லை!”

றேமண்ட் விழுந்து விழுந்து சிரித்தான். சவுந்தரநாயகம் சிரிக்கவில்லை.

கணினி திருத்தும் றேமண்டுக்கு, இந்த வெள்ளவத்தை வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்தே இளக்காரம்தான். ஓய்வுபெற்ற ஒரு மனிதர், வீட்டு முன் ஒழுங்கையைப் பார்க்கக் கேற்றுக்கு மேலே ஒரு கமரா, அதைக் குசினிக்குள், அடுப்படியில் இருந்து பார்க்க ஒரு லினக்ஸ் கணினி. ஒழுங்கை முனையில் பெண்பிள்ளைகள் படிக்கும் டியூட்டரி இருப்பதை அவன் வரும்போதே கண்டிருந்தான்.

“படம் பிந்தி வருது தம்பி. பிந்தாமல் வரவேணும்.”

“பிந்தினால் என்ன? பால்காரன்ர முகத்தைக் கொஞ்சம் பிந்திப் பாத்தால் குடியே முழுகிப் போகுமோ?”

றேமண்ட் அவருடைய மனைவி றஞ்சிதத்தைக் கேற்றடிக்குப் போய்வரச் சொன்னான். அவர் திரும்பிவந்து குசினிக்குள் நின்றார். திரையில் இன்னும் கேற்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்கு ரெட்டைப் பிறவி இருக்குப் போல!” என்றான் றேமண்ட். “கமரா தாற படத்தை இது வரிசையில நிப்பாட்டி, சுருக்கி, பிறகு விரிச்செல்லோ காட்டுது. ஆர் செய்து தந்தது இந்தக் கோதாரியை?”

சவுந்தரநாயகம் கதிரையை நகர்த்தித் திரைக்குக் கிட்ட இருந்தார்.

றஞ்சிதம் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். தட்டில் நாலு கோப்பைகள். கிழவர் ரெண்டு குடிப்பார் போல என்று றேமண்ட் நினைத்துக்கொண்டான்.

காத்து நிற்கும் படங்களின் வரிசையைக் குறைத்தான். சுருக்கும் வேலையை நிறுத்தி, கமரா தருவதை அப்படியே திரைக்கு விட்டான். பிறகு கேற்றடிக்குப் போய்க் கையைத் தூக்கி, “தெரியுதோ?” என்று கத்தினான். குரலும் கையும் ஒன்றாகவே உள்ளே வந்து சேர்ந்தன.

“இன்னும் கொஞ்சம் குறைக்கலாமோ தம்பி?”

“இதுக்கு மேல குறைச்சால், நாளைக்கு வாற பெட்டையள் இண்டைக்கே தெரிவாளவை!”

தன் பகிடிக்குத் தானே சிரித்தபடி றேமண்ட் பையை மூடினான். அப்போது திரையில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அதற்கு இலக்கத் தகடு இல்லை; ஆட்களைக் காணாமற்போக்கும் வான்கள் அப்படித்தான் வரும்.

“ஹியூபேட்! ஓடு!”

சவுந்தரநாயகத்தின் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று றேமண்ட் நினைத்திருக்கவில்லை. பின்னறையிலிருந்து, அவருடைய சாயலிலேயே, கட்டிய சாரத்தோடு ஓர் இளைஞன் பாய்ந்து வந்தான். குசினிக் கதவால் இறங்கி, பின்மதிலேறி, ரயில் பாதைப் பக்கம் குதித்து மறைந்தான்.

அதற்குப் பிறகுதான் முன்கதவு இடிபட்டது.

வந்தவர்கள் கட்டிலைப் புரட்டினார்கள், அலுமாரியை உதறினார்கள். றேமண்டின் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தேடியவன் கிடைக்காமல் வானில் ஏறிப் போனார்கள்.

றஞ்சிதம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். றேமண்ட் அடையாள அட்டையைப் பைக்குள் வைத்தான்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஐயா. நான் என்னென்னவோ பகிடி விட்டிட்டன்…”

சவுந்தரநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூத்தவனை அவங்கள் கொண்டுபோகேக்க, இதில இன்னும் வெறும் ரோடுதான் தெரிஞ்சது.”