இடது கையால் அடித்த கத்தி

கைவேலைச் சான்று வாரியத்தின் அதிகாரி கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, அதை அடித்த கொல்லர் நாச்சிமுத்துவின் வலது கையைத் தட்டிப் பார்த்தார். நாலு வருஷம் முன்பு சுத்தியல் இயந்திரத்தில் போன கைக்குப் பதிலாக மாட்டிய கை அது. சூடும் குளிரும் அதற்குத் தெரியும்.

"இது மெசினுங்க. மெசின் செஞ்ச கத்திக்கு முத்திரை குடுக்க முடியாதுங்க."

"ஏனுங்க சார், மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல இது உங்க சொந்தக் கையேதான்னு சொல்லி என் அட்டையப் புடுங்கிட்டாங்களே?"

"அது வேற டிபார்ட்மென்ட்டுங்க. இதைக் கழட்டி வெச்சுட்டு ஒண்ணு செய்யுங்க."

முத்திரை இல்லாத கத்தியைக் கோயம்புத்தூரில் எந்தப் பெரிய ஓட்டலும் வாங்காது. மனைவி தெய்வாத்தாள் இடுக்கியைப் பிடித்துக்கொண்டாள்; பிறவிக் கை என்பதால் அதற்கு அனுமதி உண்டு. நாச்சிமுத்து இடது கையால் பதினோரு நாள் அடித்தார். முனை கோணியது. பிடி ஆடியது. தக்காளியில் வைத்தால் வெட்டாமல் நசுக்கியது.

அதிகாரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்ன உசுரு பாருங்க! மனுசக் கைன்னா இதுதானுங்க." தங்க முத்திரையை ஒட்டினார். "உங்க பேரப் பொறிச்சுக் குடுங்க, கண்காட்சில முதல்ல வெச்சரலாம்."

முப்பது வருஷமாக ஒவ்வொரு கத்தியிலும் தன் பெயரைத் தானே பொறித்தவர் அவர். தெய்வாத்தாள் உளியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கத்தியக் கொண்டு போங்க சார்," என்றார். "பேரு மட்டும் வேண்டாமுங்க. இத நான் செஞ்சேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."