லைசென்ஸ் உள்ள ஆள்

புதுப் பச்சை உடுப்பில் கோரின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை தனக்குப் பிடித்த நிறம் என்பதால்தான் மனைவி அதை உடுத்தியிருக்கிறாள் என்று ஹாலிஸ் வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

ஃப்ரெஸ்னோ நகரத்துப் பிள்ளைகளின் கோணல் பற்களைக் கம்பி கட்டி நேராக்குகிற டாக்டர் அவர். முறியவிருந்த தன் கல்யாணத்தையும் அப்படியே நேராக்கிவிட்டதாக எண்ணம். அதைக் கொண்டாடத்தான் இந்த விருந்து. கொல்லைப்புறத்தில் மாட்டிறைச்சி புகைந்துகொண்டிருந்தது.

"தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்ற தெரபிஸ்ட்டைத் தேடறது சும்மாவாடா?" என்றார் நண்பர் கிரேடியிடம். "ஒன்பது பேரைக் கேள்வி கேட்டேன். லைசென்ஸ் இருக்கா, அவங்க மேல புகார் இருக்கான்னு துருவிப் பார்த்தேன்."

"வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கலையா?"

ஹாலிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "கடைசியா டெஸ்மண்ட். முதல் நாளே சொல்லிட்டார். சிகிச்சை முடிஞ்சாலும் ரெண்டு வருஷத்துக்கு உங்ககூட எந்த ஒட்டும் உறவும் கிடையாது, மீறினா லைசென்ஸ் போயிடும்னார். சட்டத்துக்குப் பயப்படற ஆள்தான் நமக்கு வேணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்."

"எத்தனை நாள் போனீங்க?"

"ஊர்ல அவனவன் வருஷக்கணக்கா போறான். எங்களுக்கு மூணே வாரம். 'போதும், நிறுத்திடலாம்'னு கோரினே சொல்லிட்டா. அதுக்கப்புறம் ஒரு சண்டை, ஒரு முணுமுணுப்பு? பூனைக்குட்டிடா." குரல் சட்டென்று இறங்கியது. "அவ மட்டும் போயிருந்தா நான் செத்திருப்பேன், கிரேடி."

வாசல் மணி அடித்தது. ஹாலிஸ் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். டெஸ்மண்ட் நின்றிருந்தார், தெருவில் அவர் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. போன வருஷம் கூப்பிட்டப்போ வரவே மாட்டேன்னுட்டீங்களே."

"அப்போ வரக்கூடாது சார்," என்றார் டெஸ்மண்ட், பணிவாக. படியேறி உள்ளே வரவில்லை.

கோரின் கணவரைத் தாண்டிப் போய் டெஸ்மண்ட் பக்கத்தில் நின்றாள். பல் தெரியச் சிரித்தாள்; அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"நேத்தோட ரெண்டு வருஷம் முடிஞ்சுது, ஹாலிஸ். என் பெட்டி மாடியில இருக்கு, கனம் ஜாஸ்தி, நீயே இறக்கிக் குடுத்துடு."