முட்டிவலி யாருடையது

காலையில் நான் குளித்து முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொள்ளும் செண்பகம் என் முதுகுவலியை வாங்கிக்கொள்வாள். ஆளுக்கொரு பட்டையை இடுப்பில் கட்டி, பொத்தானை அமுக்கினால் வலி அவளுக்குப் போய்விடும். நான் எழுந்து நடப்பேன், என் துணியை நானே துவைப்பேன். அவள் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மற்ற நேரமெல்லாம் எனக்குப் படுக்கைதான். கழிப்பறைக்குக்கூட அவள்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

இன்று குளித்துவிட்டு வந்து படுத்ததும், "போதும், திருப்பிக் குடு" என்றேன். பொத்தானை அமுக்கினாள். பழைய வலி இடுப்பில் வந்து இறங்கியது. கூடவே இரண்டு முழங்காலிலும் புதிதாக ஒரு குடைச்சல்.

செண்பகம் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். அவள் அப்படி நடந்து பார்த்து வெகுநாளாயிற்று.

"செண்பகம், இந்த முட்டிவலி யாருது?"

நின்றாள். குனிந்து தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"அய்யோ, அதுவும் சேந்து வந்துருச்சா? குடுத்துருங்க, அது என்னுது."

"அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று நான் பட்டையை அவிழ்த்து முதுகுக்கு அடியில் போட்டுப் படுத்துக்கொண்டேன். அதை எடுக்க அவள் என்னைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்க வந்தாள்.