கூடைக்கு வெளியே

ஒருகாலத்தில் கூடைப்பந்து ஆடவென்றே அமெரிக்காவிலிருந்து ஓல்போர்க் நகருக்கு அழைக்கப்பட்டவர் ஹார்லன். இப்போது முதியோர் இல்லத்தில், கழற்றிய காலுறைகளைச் சுருட்டி அழுக்குத்துணிக் கூடைக்கு எறிகிறார். ஒன்றும் உள்ளே விழுவதில்லை. பராமரிக்க வரும் கிளோறியா பொறுக்கிக் கொடுக்கக் கொடுக்க, பழைய ஆட்டமொன்றின் கதையைச் சொல்லியபடி மறுபடி எறிவார். அடுத்த அறைக்கு அவள் பிந்தித்தான் போவாள்.

விடுமுறை முடிந்து வந்தவள், தனக்குப் பதிலாக நின்ற பிரதீபனிடம், "பாவம், ஹார்லனுக்குக் கண் மங்கிப்போச்சு. டொக்டரிட்டைக் காட்டவேணும்" என்றாள்.

"அவருக்கோ? என்னோட ஒரு கதையுமில்லை அக்கா. ஒவ்வொரு நாளும் ரெண்டு காலுறையும் நேர கூடைக்குள்ளைதான். நான் உடன வெளிக்கிட்டிடுவன்."

அன்று ஹார்லனின் முதல் எறி கதவடியில் போய் விழுந்தது. கிளோறியா அதை எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.

"எறியாமலே சொல்லுங்கோ," என்றாள்.